சோப்புக் கட்டியில் ஒரு ஜெட்டி

அந்த ஏப்ரல் முடிவதற்குள் என் வேலை நீட்டிக்கப்படாவிட்டால், அடுத்த மெட்ராஸ் கப்பலில் என்னை ஏற்றிவிடுவதாக அண்ணன் சொல்லியிருந்தார். மெட்ராஸிலிருந்து ரயிலில் தூத்துக்குடி. அங்கே அம்மா ஒரு மாப்பிள்ளையைப் பேசி வைத்துக்கொண்டு காத்திருந்தாள். உப்பளத்தில் மேஸ்திரி. குடிக்க மாட்டார், ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போவார் என்று கடிதத்துக்குக் கடிதம் எழுதினாள். அந்த மனிதர் மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது. ஆனால் எனக்கு இருபத்திரண்டு வயது, கையில் மைக்கோடு இழுக்கிற ஒரு ரூலிங் பேனா இருந்தது, அதைக் கீழே வைக்க எனக்கு இஷ்டமில்லை. அவ்வளவுதான் விஷயம்.

அறுபதுகளின் நடுப்பகுதி அது. போர்ட் பிளேரில் ஓர் அரசு அலுவலகத்தின் டிராயிங் பிரிவில் நான் தற்காலிக டிரேஸராக இருந்தேன். அதே ஊரில் ஷாதிபூர் பகுதியில் அண்ணன் வீட்டில் சாப்பாடு, படுக்கை. டிரேஸர் என்றால் நகலெடுப்பவள். டிராஃப்ட்ஸ்மேன்கள் பென்சிலில் வரைந்த படத்தின் மேல், கஞ்சி போட்ட கண்ணாடி மாதிரி இருக்கும் டிரேசிங் துணியை விரித்து, அடியில் தெரியும் கோடுகளை மையில் இழுக்க வேண்டும். அந்தத் துணியை நீலத்தாளின் மேல் வைத்து வெயிலில் காட்டினால் எத்தனை பிரதி வேண்டுமானாலும் எடுக்கலாம். துணியில் ஒரு சொட்டு வியர்வை விழுந்தாலும் போச்சு, கஞ்சி கரைந்து வெள்ளையாகப் பூத்துவிடும். அந்தமான் வெக்கையில் வியர்க்காமல் உட்கார்ந்து கோடு போடுவது எப்படி என்று கேட்காதீர்கள். மணிக்கட்டில் கைக்குட்டை கட்டி, நெற்றியில் ஒரு துண்டு கட்டி, சண்டைக்குப் போகிறவள் மாதிரித்தான் நான் பலகை முன்னால் உட்காருவேன்.

கோடுகளுக்கு ஒரு மொழி உண்டு. இது தெரியாமல் மேலே சொல்ல முடியாது, எனவே சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பார்க்கிறவர் கண்ணுக்குத் தெரிகிற விளிம்பு என்றால் கனத்த முழுக் கோடு. பொருளுக்குப் பின்னால் மறைந்திருக்கிற விளிம்பு என்றால் விட்டு விட்டுப் போடுகிற கோடு. நட்டநடுவைக் காட்ட நீளமும் புள்ளியுமாகப் போகும் மெல்லிய கோடு. மேலிருந்து பார்த்தால் பிளான், எதிரே நின்று பார்த்தால் எலிவேஷன், பக்கத்தில் நின்று பார்த்தால் சைடு வியூ. இந்தப் பத்துப் பதினைந்து சொற்களை வைத்துக்கொண்டு ஒரு பாலத்தையே பேசிவிடலாம். இப்போது என் அண்ணன் பேத்தி கம்ப்யூட்டரில் ஒரு பொத்தானைத் தட்டி, மறைந்த கோடுகளை மறையச் சொல்கிறாள், திரும்பத் தட்டி வரச் சொல்கிறாள். கோடும் சொன்ன பேச்சைக் கேட்கிறது. எங்களுக்கு ஒரு விட்ட கோட்டை முழுக் கோடாக மாற்ற வேண்டுமென்றால் பிளேடால் மையைச் சுரண்டி, சாக்பீஸ் தூள் தடவி, நகத்தால் தேய்த்து, கர்த்தரை வேண்டிக்கொண்டு மறுபடி இழுக்க வேண்டும்.

எங்கள் பிரிவின் தலைமை டிராஃப்ட்ஸ்மேனை எல்லோரும் பெரிய பாபு என்போம். கிழக்கு வங்காளத்திலிருந்து வந்தவர். அறையில் வங்காளி, தெலுங்கர், மலையாளி, நான் என்று ஆளுக்கொரு மொழி. பேச்செல்லாம் தீவு இந்தியில். பெரிய பாபுவின் கோட்டுச் சுத்தத்தை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை. காம்பஸ் இல்லாமல் வட்டம் போடுவார். ஆனால் தான் சொன்னதைத் திருப்பி யாராவது கேட்டால் அவருக்கு மூக்கு சிவந்துவிடும். என் ஆறு மாத நீட்டிப்புத் தாளில் அவர் கையெழுத்துத்தான் விழ வேண்டும். அந்தத் தாள் அவர் மேஜை டிராயரில் இருந்தது.

அந்த மாதம் கல்கத்தா கப்பலில் ஒரு ஜெட்டியின் வரைபடம் வந்தது. மாயாபந்தருக்கு வடக்கே ஒரு சின்னத் தீவில் குடியேற்றக்காரர்களுக்கு நிலம் கொடுத்திருந்தார்கள். படகு அணைய இடமில்லாமல் அவர்கள் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி மூட்டை சுமந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு மரத்தில் ஒரு படகுத் துறை. கல்கத்தாவில் ஒரு கம்பெனி வரைந்து அனுப்பியிருந்தது. இரண்டு தாள்கள். கப்பலிலிருந்து இறக்கும்போது கட்டு நனைந்துவிட்டது. பிளான் இருந்த முதல் தாள் கூழாகிவிட்டது. இரண்டாம் தாளில் எலிவேஷனும் அதற்கு வலப்பக்கம் ஒரு சைடு வியூவும் பிழைத்திருந்தன. கீழ் மூலையில் இருந்த தலைப்புக் கட்டமும் அதிலிருந்த குறிப்புகளும் உப்புத் தண்ணீரில் கரைந்து போயிருந்தன.

மழைக்காலத்துக்கு முன், ஜெட்டியைத் தாங்குகிற மரத்தூண்களான முளைகளைத் தண்ணீரில் இறக்கியாக வேண்டும். மரமெல்லாம் அறுத்துத் தயார். வடக்கே போகிற படகு மறுநாள் விடியலில் கிளம்புகிறது. அதை விட்டால் இரண்டு வாரம் கழித்துத்தான். எனவே அன்றைக்கே டிரேசிங் முடித்து, வெயில் இருக்கும்போதே நீலப்பிரதி எடுத்துவிட வேண்டும். அந்தமானில் நாலரை மணிக்கே வெயில் மஞ்சளடித்துப் போய்விடும்.

பெரிய பாபு தாளை என் பலகையில் விரித்து, சிவப்புப் பென்சிலால் மூன்று இடத்தில் திருத்தம் போட்டிருந்தார். எலிவேஷனுக்கு மேலே "கிரீக் பக்கத்திலிருந்து பார்த்தது" என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. கிரீக் என்றால் சதுப்புக் காட்டுக்குள் நுழைகிற கடற்கழி. ஜெட்டிக்கு ஒரு பக்கம் கிரீக், மறு பக்கம் திறந்த கடல். அந்தப் படத்தில் படகுக்கு இறங்கும் படிகள் முழுக் கோட்டில் இருந்தன. அதை விட்ட கோடாக்கு என்றார். படகு கட்டுகிற இரும்பு வளையம் முழுக் கோட்டில் இருந்தது. அதையும் விட்ட கோடாக்கு என்றார். அலையைத் தாங்குகிற முளைகள் விட்ட கோட்டில் இருந்தன. அவற்றை முழுக் கோடாக்கு என்றார்.

"கல்கத்தாவாலா கல்த்தி கியா," என்றார். கல்கத்தாக்காரன் தப்புப் பண்ணிவிட்டான், நாம் திருத்துகிறோம்.

நானும் தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தேன். இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். படிகள் அத்தனையையும் விட்ட கோட்டில் நான்தான் மையால் இழுத்தேன். வளையத்தையும் இழுத்தேன். அழகாகவே இழுத்தேன். மூன்றாவதாக அலைமுளைகளுக்கு வந்தபோதுதான் பேனா நின்றது. ஒரு படத்தில் ஒரு தப்பு வரலாம். கோடு போடுகிறவனுக்குத் தூக்கம் வரும், பொண்டாட்டி ஞாபகம் வரும். மூன்று தப்பு, மூன்றும் ஒரே திசையில், தெரிவது மறைந்தும் மறைந்தது தெரிந்தும் வருமா? தப்புப் பண்ணுகிறவன் அவ்வளவு ஒழுங்காகவா தப்புப் பண்ணுவான்?

சைடு வியூவைப் பார்த்தேன். அதில் படிகள் இடது பக்கம் இருந்தன, அலைமுளைகள் வலது பக்கம். எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் படித்தது வெள்ளைக்காரன் காலத்து முறை. அதன்படி எலிவேஷனுக்கு வலப்பக்கம் வரைகிற படம், பொருளை இடப்பக்கமிருந்து பார்த்தது. ஃபர்ஸ்ட் ஆங்கிள் என்பார்கள். அப்படிப் படித்தால் பெரிய பாபு சொன்னது சரி. படிகள் பின்னால், கடல் பக்கம் போய்விடும். ஆனால் இன்னொரு முறையும் உண்டு. வலப்பக்கம் வரைந்தால் அது வலப்பக்கமிருந்தே பார்த்தது. அது தேர்ட் ஆங்கிள். அப்படிப் படித்தால் படிகள் முன்னால், கிரீக் பக்கம். முழுக் கோடு சரி, வளையம் சரி, அலைமுளைகள் சரி, கல்கத்தாக்காரன் ஒரு தப்பும் பண்ணவில்லை.

அந்த இரண்டாவது முறையை எனக்குச் சொல்லிக் கொடுத்தது ஒரு டீசல் எஞ்சின். அதற்கு முந்தின வருஷம் மரம் அறுக்கிற இடத்துக்கு ஓர் அமெரிக்க எஞ்சின் வந்தது. அதை நிறுத்தும் மேடைக்காக அதன் கையேட்டிலிருந்த படத்தை நான் நகலெடுத்தேன். எண்ணெய்க் குழாய் படத்தில் ஒரு பக்கமும் எஞ்சினில் மறு பக்கமும் இருந்ததைப் பார்த்து இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டேன். பிறகுதான் கையேட்டின் கடைசிப் பக்கத்தில் விஷயம் இருந்தது. அந்த வருஷங்களில் இந்தியாவிலும் சில கம்பெனிகள் அந்த முறைக்கு மாறிக்கொண்டிருந்தன. இந்தத் தாளில் எந்த முறை என்று சொல்கிற குறி மூலைக் கட்டத்தில் இருந்திருக்கும். அந்த மூலையைத்தான் கடல் குடித்துவிட்டது.

எழுந்து போய் பெரிய பாபுவிடம் சொன்னேன். என்னிடம் ஒரு கெட்ட பழக்கம், மெதுவாகச் சொல்லத் தெரியாது. அறை முழுவதும் கேட்கிற மாதிரி, "நீங்க படத்தைத் தலைகீழா படிச்சிருக்கீங்க பாபு," என்று இந்தியில் சொல்லிவிட்டேன். மற்றவர்கள் பலகைகளில் நகர்ந்துகொண்டிருந்த நாலு டி-ஸ்கொயர் மட்டங்களும் ஒரே நேரத்தில் நின்றன.

மூக்கு சிவந்தது. "டிரேஸர் கா காம் டிரேஸ் கர்னா. சோச்னா நஹீ," என்றார். நகலெடுப்பவள் நகலெடுத்தால் போதும், யோசிக்க வேண்டாம்.

"கல்கத்தாவுக்குத் தந்தி அடிச்சுக் கேட்கலாமே?"

பதில் வர நாலைந்து நாள் ஆகும், படகு காலையில் போகிறது என்றார். ஆழம் கடல் பக்கம்தான் இருக்கும், படிகளும் அங்கேதான் வரும் என்றும் சொன்னார். அதுவும் முட்டாள்தனமான பேச்சு இல்லை. பிறகு டிராயரைத் திறந்து என் நீட்டிப்புத் தாளை எடுத்து மேஜை மேல் வைத்து, அதன் மேல் காகித எடையை வைத்தார். எனக்கு மெட்ராஸ் கப்பலின் சங்கு காதில் கேட்டது.

பயந்தேன். ஆனால் அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. தென்மேற்கு அலை அடிக்கிற பக்கம் படியை வைத்துவிட்டு, அங்கே பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கப் போகிறவள் யார்? பெரிய பாபுவா? நான் கடற்கரையில் பிறந்தவள். அலைக்கு முகம் கொடுத்து யாரும் படகு அணைக்க மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். அந்தத் தீவை நான் பார்த்ததில்லை, ஆனாலும் அந்தத் தாள் எனக்கு அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

மதியச் சாப்பாட்டு நேரம். தூக்குச்சட்டியைத் திறக்காமல் பஜாருக்கு ஓடினேன். காயல்பட்டினத்துக்காரர் ஒருவர் அங்கே மளிகைக் கடை வைத்திருந்தார். அண்ணன் என்கிற பொருளில் அவர் ஊர் வழக்கப்படி அவரை நாங்கள் காக்கா என்போம்.

"காக்கா, துணி சோப்பு முழு பார் ஒண்ணு. ஒரு தீப்பெட்டி."

"என்னம்மா, வேகாத வெயில்ல ஓடி வாறியளே. ஆபீஸ்ல துவைக்கவா போறிய?"

"ஆமா காக்கா. ஒருத்தரை நல்லாத் துவைக்கணும்."

சிரித்துக்கொண்டே கட்டிக் கொடுத்தார். திரும்பி வந்து, மை சுரண்டுகிற பிளேடால் அந்த மஞ்சள் சோப்பை வெட்டினேன். மேடை ஒரு கட்டி. ஒரு பக்கம் ஏழு படிகள் செதுக்கினேன். மறு பக்கம் அலைமுளைகளுக்குத் தீக்குச்சிகளைக் குத்தினேன். படிகளுக்குப் பக்கத்தில் என் காதிலிருந்த வளையத்தைக் கழற்றி இரும்பு வளையத்துக்காகச் செருகினேன். அரை மணி நேரத்தில் உள்ளங்கையளவு ஜெட்டி தயார். மலையாளி டிராஃப்ட்ஸ்மேன் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டு போனார்.

அதை எடுத்துக்கொண்டு நேரே, பெரிய பாபுவுக்கும் மேலே இருந்த இன்ஜினியரின் அறைக்குப் போனேன். டிரேஸர்கள் அந்த அறைக்குள் போகிற வழக்கமில்லை. அவர் மெட்ராஸ் பக்கத்துக்காரர், வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. பெரிய பாபுவும் எனக்குப் பின்னாலேயே வந்துவிட்டார்.

"என்னம்மா இது? சோப்பு விக்க வந்திருக்கியா?" என்றார் இன்ஜினியர்.

"ஜெட்டி விக்க வந்திருக்கேன் சார். ஒரு நிமிஷம் பாருங்க, பிடிக்கலேன்னா நான் வீட்டுக்குப் போயிடுறேன்."

தாளை அவர் மேஜையில் விரித்தேன். சோப்பை நிமிர்த்தி, படிகள் அவரைப் பார்க்கிற மாதிரி வைத்தேன். "இதுதான் எலிவேஷன், கிரீக் பக்கத்திலேர்ந்து பார்த்தது. நீங்க கிரீக்ல படகுல உட்கார்ந்திருக்கீங்க. என்ன தெரியுது?"

"படி தெரியுது. வளையம் தெரியுது."

"தாள்ல?"

குனிந்து பார்த்தார். "முழுக் கோடு. அதான் இருக்கு."

"தீக்குச்சி தெரியுதா?"

"பின்னால இருக்கு. தெரியல. விட்ட கோடு."

"இப்ப எழுந்து வலப்பக்கம் வந்து நின்னு பாருங்க சார்."

அவர் நிஜமாகவே நாற்காலியை விட்டு எழுந்து, மேஜையைச் சுற்றி வலப்பக்கம் போய், குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு சோப்பைப் பார்த்தார். "படி என் இடது கைப் பக்கம். குச்சி வலது."

"சைடு வியூ?"

தாளைப் பார்த்தார். சோப்பைப் பார்த்தார். மறுபடி தாளைப் பார்த்தார். "அப்படியே இருக்கு."

"இப்ப பெரிய பாபு சொல்ற மாதிரி பார்ப்போம்," என்று சோப்பைத் திருப்பி, படிகளைக் கடல் பக்கம் வைத்தேன். "இடப்பக்கமா வந்து நில்லுங்க. சைடு வியூ சரியா வரும். ஆனா முன்னால நின்னா படி தெரியாது, வளையம் தெரியாது, குச்சி தெரியும். மூணும் தாளுக்கு நேர்மாறு. அதனாலதான் பாபு மூணையும் மாத்தச் சொன்னாரு. என் கணக்கு எதையும் மாத்தச் சொல்லல சார். நின்னு பார்க்கிற இடத்தை மட்டும்தான் மாத்தச் சொல்லுது."

இன்ஜினியர் பெரிய பாபுவைப் பார்த்தார். பெரிய பாபு தாளின் மேல் குனிந்தார். விரலால் ஒவ்வொரு கோடாகத் தடவினார். நல்ல கைக்காரருக்குக் கோடு பொய் சொல்லாது என்பது தெரியும். ஆனாலும் ஒரேயடியாக விட்டுக் கொடுக்கவில்லை. கல்கத்தாவுக்குத் தந்தி அடியுங்கள், பதில் தனக்குச் சாதகமாக வந்தால் இந்தப் பெண் கப்பலேறட்டும் என்றார். அவரும் வீம்புக்காரர்தானே.

"தந்தி இப்பவே போகட்டும்," என்றார் இன்ஜினியர். "ஆனா படகு நிக்காது. தாள்ல இருக்கிறபடியே டிரேஸ் பண்ணு. பதில் வேற மாதிரி வந்தா பொறுப்பு என்னுது." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சேர்த்தார்: "உன்னுதும்தான்."

மணி ஒன்றரை. காலையில் அழகாக இழுத்த விட்ட கோடுகள் எல்லாவற்றையும் இப்போது நானே சுரண்ட வேண்டும். அன்றைக்குச் சுரண்டியதுபோல் நான் பிறகு சுரண்டியதே இல்லை. துணி கிழியக்கூடாது, பூக்கக்கூடாது. சாக்பீஸ் தூள், நகம், மறுபடி மை. இரண்டே முக்காலுக்கு முடித்தேன். பிரதி எடுப்பவர் கண்ணாடிச் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். மேகம் ஒன்று வந்து பத்து நிமிஷம் சூரியனை மறைத்துக்கொண்டு நின்றது. நான் அந்த மேகத்தைத் திட்டிய திட்டு கோயிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டிய அளவுக்கு இருந்தது. பிறகு அது விலகியது. தாளைத் தண்ணீரில் அலசியபோது நீலத்துக்குள் வெள்ளை வெள்ளையாக ஏழு படிகள் எழுந்து வந்தன. முழுக் கோட்டில்.

துணியைக் கண்ணாடிச் சட்டத்தில் வைப்பதற்கு முன்பே, கையெழுத்துக்காக அதை இன்ஜினியரிடம் கொண்டுபோயிருந்தேன். மூலையில் புதிதாக நான் போட்ட தலைப்புக் கட்டத்தில் மூன்று அறைகள் உண்டு. வரைந்தவர், நகலெடுத்தவர், சரிபார்த்தவர். டிரேஸருக்கு நடுவறை மட்டும்தான். அதில் ஏற்கெனவே என் பெயரின் இரண்டு முதலெழுத்தைப் போட்டிருந்தேன். சரிபார்த்தவர் அறை பெரிய பாபுவுடையது. இன்ஜினியர் என் கையில் பேனாவைக் கொடுத்து அந்த அறையைக் காட்டினார்.

"அங்கேயும் போடு. நீதானே சரிபார்த்தே?"

போட்டேன். நடுவறையில் போட்டதைவிடக் கொஞ்சம் பெரிதாகவே போட்டேன்.

நாலு நாள். அந்த நாலு நாளும் ஷாதிபூர் வீட்டில் நடந்ததைச் சொன்னால் சிரிப்பு வரும். அன்றைக்கு வரவில்லை. நான் பெரிய பாபுவோடு மல்லுக்கு நின்ற செய்தி எனக்கு முன்னாலேயே வீட்டுக்குப் போயிருந்தது. மதினி தகரப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்து, துடைத்து, என் சேலைகளை மடித்து அடுக்க ஆரம்பித்தாள்.

"கோவமில்ல மைனி, ஆனா பெட்டியத் திரும்ப உள்ள தள்ளுங்க," என்றேன்.

"ஏட்டி, பெரிய ஆபீசர் கூடல்லாம் சண்ட போட்டா வேல இருக்குமா? எடுத்து வைக்கது நல்லதுதான். கப்பல் வந்தப்புறம் பரபரக்கணுமா?" என்றாள். அண்ணன் டிக்கெட் விசாரித்துவிட்டு வந்தார். நான் சோப்பு ஜெட்டியைக் குளியலறை மாடத்தில் வைத்திருந்தேன். அதை யாரும் தொடக்கூடாது என்று கட்டளை.

ஐந்தாம் நாள் தந்தி வந்தது. தபால் ஆள் கொடுத்ததை வாங்கிப் பிரித்தவர் பெரிய பாபு. படித்தார். மூக்கு சிவந்தது. பிறகு அறை நடுவே நின்று, நான் அன்றைக்குக் கத்தின மாதிரியே எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார். படிகள் கிரீக் பக்கம், படம் தேர்ட் ஆங்கிளில் வரைந்தது, திருத்தம் ஏதும் வேண்டாம். மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். என் பலகைக்கு வந்து நீட்டிப்புத் தாளை வைத்தார். கையெழுத்துப் போட்டிருந்தார். அதற்கு மேல் ஒரு தாளும் இருந்தது. அடுத்த காலியிடத்துக்கு என்னை டிராஃப்ட்ஸ்மேனாகப் பரிந்துரைத்து அவரே எழுதியிருந்தார்.

"சோச்னா மனா நஹீ," என்றார். யோசிக்கலாம், தடையில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. துணியில் சொட்டிவிடக் கூடாது என்று தலையை அண்ணாந்துகொண்டேன். சந்தோஷத்தில் அப்படி அழுதது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

வீட்டுக்குப் போய், மதினி பெட்டியில் அடுக்கின சேலைகளையெல்லாம் நானே வெளியே எடுத்துப் போட்டேன். இருப்பதில் நல்லதைக் கட்டிக்கொண்டு கடைத்தெருவில் இரண்டு சுற்று சுற்றினேன். காக்காவுக்கும் சொன்னேன். "துவைச்சாச்சா?" என்றார். "வெளுத்தாச்சு காக்கா," என்றேன்.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் அம்மா கடிதத்தை நம்புகிறவள் இல்லை. வேலை நீட்டித்ததைப் பற்றி நான் எழுதியதும், ஆகஸ்டில் அவளே கப்பலேறி வந்துவிட்டாள். கையோடு என்னைக் கூட்டிப் போகத்தான். "ஆறு மாசம் ஆறு மாசம்னு எத்தன ஆறு மாசம்ட்டீ? அந்தப் பையன் எத்தன நாளு காத்திருப்பான்? உப்பா விளையுது, காத்துக் கெடக்க?" என்று வந்த அன்றே ஆரம்பித்தாள்.

அதே வாரம் இன்ஜினியர் என்னை அழைத்தார். அந்த ஜெட்டியின் வேலை முடிந்துவிட்டது. கட்டினதை அளந்து, கட்டினபடி ஒரு படம் போட வேண்டும், நீயே போய்விட்டு வா என்றார். வயசுப் பெண் தனியாகப் போவதாவது என்று அம்மாவும் கிளம்பிவிட்டாள். படிகளுக்காக நான் போட்ட சண்டையை மதினி ஏற்கெனவே அவளிடம் சொல்லியிருந்தாள். ஒரு ராத்திரி படகில் மாயாபந்தர். மறுநாள் காலை அங்கிருந்து மோட்டார் படகில் தீவுக்கு. தென்மேற்குக் காற்று இன்னும் ஓயவில்லை. கடல் படகைத் தூக்கித் தூக்கிப் போட்டது. அம்மா கடற்கரைக்காரி, அசரவில்லை. ஜெபமாலையை மட்டும் கையில் சுற்றிக்கொண்டாள்.

தூரத்தில் ஜெட்டி தெரிந்தது. முதலில் கடல் பக்கம்தான் தெரிந்தது. அலை வந்து முளைகளில் மோதி, ஓர் ஆள் உயரத்துக்கு எழும்பிச் சிதறியது. படகோட்டி அதைப் பார்க்கக்கூட இல்லை. சுற்றிக்கொண்டு கிரீக்குக்குள் திரும்பினான். திரும்பின உடனே காற்று நின்றது. தண்ணீர் எண்ணெய் மாதிரிக் கிடந்தது. ஏழு படிகள். பக்கத்தில் இரும்பு வளையம். படகு சத்தமில்லாமல் அணைந்தது.

படியின் கீழ்த்தட்டில் ஒரு வங்காளிப் பெண் நின்றிருந்தாள். நிறைமாதம். மாயாபந்தர் ஆஸ்பத்திரிக்குப் போக எங்கள் படகுக்காகக் காத்திருந்தாள். அம்மா இறங்கினவள், அப்படியே திரும்பி அவள் கையைப் பிடித்தாள். ஒரு மொழியும் தெரியாது. "மெல்ல, மெல்ல தாயி" என்று தமிழில் சொல்லிக்கொண்டே ஏற்றிவிட்டாள். அந்தப் பெண்ணின் பாதம்கூட நனையவில்லை. படகு கிளம்பிப் போகும்வரை அம்மா பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பலகைகளின் மேல் நடந்து மறு பக்கம் போய், கீழே அடிக்கிற அலையை எட்டிப் பார்த்தாள். முகத்தில் தெறித்த தண்ணீரை முந்தானையால் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

"அங்கிட்டா வைக்கப் பாத்தாங்க?"

"ஆமாம்மா."

"நீதான் கூடாதுன்னியா?"

"ஆமா."

அம்மா படியில் உட்கார்ந்தாள். ஜெபமாலையைக் கையிலிருந்து அவிழ்த்தாள். நான் பையிலிருந்து அளவு டேப்பையும் நோட்டையும் எடுத்தேன்.

"ஏட்டி," என்றாள். "உப்பளத்துக்காரங்களுக்கு வேற இடம் பாத்துக்கச் சொல்லி நீ எழுதுதியா, இல்ல நான் போயி நேர்ல சொல்லட்டா?"

"நீயே சொல்லும்மா. எனக்கு இங்க வேல கெடக்கு."

டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, மறுமுனையை மாட்ட ஆணி ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன். அதற்குள் அம்மா எழுந்து வந்து அதை வாங்கி, கடைசிப் படியின் விளிம்பில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.